பார்ஜில் கட்டிய பெட்ரோமாக்ஸ்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதிலும் நடவுக் காலத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போனதில்லை. முதலில் சொல்லவேண்டியது எனக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும், சிலது வராமலே போய்விடும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். உத்திரமேரூர் நூலகத்தில் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அங்கே வேலை செய்கிற பெண், "கடல் தாண்டிப் போய்வந்த பொம்பள நம்ம பக்கத்துல நீதான் ஆயா, நாலு பக்கம் எழுதிக் குடு" என்று விடவில்லை. நேரில் யாரிடமும் சொல்ல எனக்குக் கூச்சம். காகிதத்தில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

நான் போனது மலேசியாவில் கிள்ளான் என்கிற ஊருக்கு. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மகன் ஏழுமலைக்கு அங்கே கடலில் வேலை. டக்கு என்று ஒரு படகு. அது சரக்கு ஏற்றாது. எஞ்சின் இல்லாத பெரிய தட்டைப் படகு ஒன்றைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப்போகும். அந்தத் தட்டைப் படகுக்குப் பார்ஜ் என்று பேர். நம்ம பக்கம் டிராக்டர் டிரெய்லரை இழுக்கிற மாதிரிதான். ஆனால் கொக்கி போட்டு ஒட்டினாப்போல இருக்காது. நடுவில் எங்க தெரு நீளத்துக்கு இரும்புக் கயிறு, அதுவும் பாதி தண்ணிக்குள்ளே.

நான் களை எடுத்துக்கொண்டிருந்தபோது பாய் கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வரப்பு மேல் ஓடிவந்தார். எங்களுக்குப் போன் வந்தால் அவர் கடைக்குத்தான் வரும். "ஏழுமல ஏஜெண்டு பேசினாம்மா. புள்ளைக்குத் தொட எலும்பு ஒடஞ்சிருக்குதாம். உசுருக்கு ஒண்ணும் இல்ல, நீ பேஜார் ஆவாத" என்றார். இழுத்துப்போன பார்ஜ் ஒரு மீன்பிடிப் படகின் மேல் ஏறிவிட்டதாம். மீன்காரரும் ஆஸ்பத்திரியிலாம். விசாரணை நடக்கிறது, தப்பு இவன் பேரில் என்று ஆனால் கடல் வேலை போய்விடும், கேஸ் என்று அங்கேயே நிறுத்தியும் வைத்துவிடுவார்கள் என்று ஏஜெண்டு சொன்னாராம்.

மருமகள் பிரசவமாகிப் பச்சை உடம்போடு கிடந்தாள். அதனால் நான் போனேன். டிக்கெட்டு, பாஸ்போர்ட்டு எல்லாம் ஏஜெண்டு பார்த்துக்கொண்டார், அதை எழுத எனக்குத் தெரியாது. அவனைக் கையோடு வூட்டுக்குக் கூட்டிவரணும். என் மனசில் இருந்தது அது ஒன்றுதான்.

விமானத்தில் பக்கத்து சீட்டில் திருச்சிப் பக்கத்து ஆள் ஒருவர். சாப்பாடு கொடுத்தார்கள். எல்லாம் தகடு போட்டு மூடியிருந்தது, எங்கே பிடித்துப் பிரிப்பது என்று தெரியவில்லை. பசியில்லாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் என் தட்டை இழுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பிவிட்டார். சின்ன டப்பாவில் மஞ்சளாக ஒன்று இருந்தது. பால்கோவா என்று முழுசாக வாயில் போட்டேன். வெண்ணெய். துப்பவும் கூச்சம், முழுங்கவும் முடியவில்லை. ரொட்டியில் தடவுகிறது என்று அவரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நான் தங்கினது, ஏஜெண்டு ஏற்பாட்டில், லெட்சுமி என்கிற பெண் வீட்டில். கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவள் உதவியாள். தாத்தா காலத்திலேயே தோட்டத்து வேலைக்கு வந்த குடும்பம், இந்தியாவைப் பார்த்தது கிடையாது. விடிந்ததும், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. நாம் நாஷ்டா என்கிறதை அங்கே பசியாறுகிறது என்கிறார்கள். ரொட்டி சானாய் என்று கொடுத்தாள். நம்ம பரோட்டாவுக்குத் தங்கச்சி மாதிரி, தொட்டுக்கப் பருப்புக் குழம்பு. டீயை இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்கு இழுத்து ஆற்றுகிறது மட்டும் நம்ம ஊர் போலவே இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஏழுமலையின் காலைக் கயிறு போட்டு மேலே தூக்கி, முனையில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கும்மா வந்த?" என்றான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக்காரர். வயசானவர். மார்பு முழுக்கக் கட்டு, கையிலும் கட்டு. அவர் மனைவி பிளாஸ்கிலிருந்து கஞ்சி ஊற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள். "யாருடா அது?" என்றேன்.

"அவருதாம்மா. அந்தப் படகுக்காரரு."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

நடந்ததை அவன் அன்றைக்கே சொன்னான். "ஜல்லி ஏத்திக்கினு சாயங்காலமா கெளம்பனோம். பார்ஜு மேல நான் ஒருத்தன்தான். இருட்டனதும் பச்ச வெளக்கு நின்னுபோச்சு, அதோட பேட்டரி செத்துப்போச்சு. வாக்கிடாக்கில கேப்டனாண்ட சொன்னேன். காலைல பாத்துக்கலாம்னுட்டாரு. இருட்டா கெடந்தா எவனாவது வந்து மோதுவானேன்னு, சமைக்கறப்ப வெளிச்சத்துக்கு வெச்சிருந்த பெட்ரோமாக்ஸ பத்த வெச்சு கம்பத்து உச்சில கட்டனேன். நம்மூர்ல வைக்கோல் வண்டில கட்டுவோமே, அப்பிடி."

"நல்ல வேல செஞ்சடா" என்றேன்.

அவன் காலில் தொங்கிய எடைக்கல்லைப் பார்த்தான். "அப்பறம் இவரு படகு டக்குக்கும் பார்ஜுக்கும் நடுவுல பூந்துச்சு. கத்தனேன், கேக்கல. பார்ஜு அது மேல ஏறிச்சு. தண்ணில கெடந்தவர கயிறு போட்டு இஸ்து மேல ஏத்தனேன். அதுக்குள்ள டக்கு நின்னு, கயிறு தொய்ஞ்சு, திரும்ப வெட்டி இஸ்துச்சு. நான் ஜல்லிக் குவியல் மேலேருந்து கீழ வுழுந்தேன்."

எங்க ஊரில் அறுப்பு சமயத்தில் வைக்கோல் வண்டி ரோட்டில் போனால் மேலே ஒரு விளக்கு கட்டாமல் அனுப்பமாட்டார்கள். லாரிக்காரன் தூரத்திலேயே பார்த்து ஒதுங்கிவிடுவான். சின்ன வயசில் அந்த விளக்கைக் கட்டுகிற வேலை ஏழுமலையுடையதுதான். கடலுக்குப் போயும் மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் லெட்சுமி சீக்கிரம் வேலைக்குப் போய்விட்டாள். எந்த பஸ், எங்கே இறங்கணும் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டியது, நானும் பார்த்தேன். இறங்கணும் என்றால் மேலே இருக்கிற மணியை அழுத்தணும். எல்லார் எதிரிலும் எட்டி அழுத்தக் கூச்சமாகிவிட்டது. வேறு யாராவது அழுத்துவார்கள் என்று இருந்தேன். யாரும் அழுத்தவில்லை. பஸ் கடைசி நிறுத்தத்தில் போய் நின்றது. துறைமுகம்.

அங்கேதான், பஸ் ஜன்னல் வழியாக, டக்கையும் பார்ஜையும் முதல் தடவை பார்த்தேன். சேறும் எண்ணெயும் கலந்த தண்ணீர், தூரத்தில் ஒரு டக்கு போகிறது. அது போய் வெகுநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு பார்ஜ் தானாக நகர்ந்து வருகிறது. நடுவில் கயிறு இருப்பது கண்ணுக்கே தெரியவில்லை. ரெண்டிலும் கம்பத்தில் ஒரு கறுப்புப் பொருள் தொங்கியது, பறக்கவிடுகிற காத்தாடி மாதிரி முனை கீழே பார்த்துக்கொண்டு. இங்கேயும் திருஷ்டிக்குக் கட்டுகிறார்கள் போல என்று நினைத்தேன். இல்லையாம். கயிறு நீளமாக இருந்தால் பகலில் அதைத் தொங்கவிடணுமாம், விளக்குத் தெரியாத வேளைக்கு அதுதான் அடையாளமாம். இதை ஏழுமலை அப்புறம் சொன்னான்.

பஸ் டிரைவர் மலாய்க்காரர். நான் இறங்காததைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் துணிப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி" என்றேன். சிரித்துவிட்டார். திரும்பிப் போகும்போது ஆஸ்பத்திரி வாசலில் தானாக நிறுத்தி, பஸ்ஸில் இருந்த மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கூட இறங்கின தமிழ்ப் பெண்ணிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "இந்தப் பாட்டிக்காக நான் மணி அடிக்கிறேன்னு சொன்னாரு" என்றாள்.

அதற்கு அடுத்த நாள் அதிகாரி வந்தார். கடலில் விபத்து நடந்தால் விசாரிக்கிறவர், மலாய்க்காரர், வெள்ளைச் சட்டை. ஏழுமலை கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். இவனும் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். லெட்சுமி மருந்துத் தட்டோடு நின்றிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் சீனக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஆனால் தூங்கவில்லை.

எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அதிகாரி எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறார், இவன் "எஸ் சார், எஸ் சார்" என்கிறான். அது மட்டும்தான் தெரிந்தது. என் பிள்ளையை மடக்குகிறார்கள் என்று நினைத்தேன்.

லெட்சுமி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "பயப்படாதீங்கம்மா, பார்ஜில விளக்கு எரிஞ்சதான்னுதான் கேக்கறாரு" என்றாள்.

அந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் வாயைத் திறந்து பேசினதே குறைவு. அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"எரியாம இன்னா? பச்ச வெளக்கு நின்னுபோச்சுன்னு பெட்ரோமாக்ஸே பத்த வெச்சு உச்சில கட்டியிருக்கான் எம் புள்ள. அத்தச் சொல்லு அவராண்ட."

ஏழுமலை என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. லெட்சுமி தட்டில் இருந்த மாத்திரைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கினாள். அதிகாரி அவளிடம் மலாயில் என்னவோ கேட்டார். லெட்சுமி ஏழுமலையைப் பார்த்தாள், அப்புறம் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். சொல்லிவிட்டாள்.

சீனக்காரர் கண்ணைத் திறந்தார். நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். எதையோ சொன்னதையே சொல்லித் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை முந்தானை மாதிரி ஒரு துண்டால் மூடிக்கொண்டாள்.

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். கோபமாக இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இன்னாடா சொல்லிட்டேன் நானு?" என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் லெட்சுமி கொண்டுவந்திருந்த பழத்தட்டை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். ரம்புத்தான் என்று அங்கே ஒரு பழம், மேலே சிவப்பாக முடி முடியாக இருக்கும், உரித்தால் உள்ளே வெள்ளை.

"பாரு. இது டக்கு." ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "தலைல வெள்ள வெளக்கு. மேல ஒண்ணு கீழ ஒண்ணு ரெண்டு எரிஞ்சா, பின்னால இஸ்துக்கினு வர கயிறு கம்மின்னு அர்த்தம். மூணு எரிஞ்சா கயிறு நீளம். முதுகுப் பக்கம் ஒரு வெள்ள, அதுக்கு மேல ஒரு மஞ்சா, பின்னால வரவனுக்கு நான் இஸ்துக்கினு போறேன்னு தெரிய."

மஞ்சளுக்கு அவனிடம் பழம் இல்லை. மஞ்சள் மாத்திரை ஒன்றை வைத்தான்.

"இது பார்ஜு." சோப்பு டப்பா. "இதுக்கு எஞ்சின் கெடையாது. அதனால தலைல வெள்ள வெளக்கே வெக்கக் கூடாது. வலப்பக்கம் பச்ச." அங்கே எலுமிச்சம்பழம் பச்சையாகவே இருக்கும், அதை வைத்தான். "எடப்பக்கம் செவப்பு." ஒரு ரம்புத்தான். "முதுகுல ஒரு வெள்ள. அவ்ளோதான். இத்தப் பாத்தா கடல்ல கீறவன் எவனும், இது இஸ்துக்கினு போறது, நடுவுல கயிறு கீதுன்னு புரிஞ்சிப்பான்."

எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். "பச்ச போச்சு. இவரு வந்தது பச்சப் பக்கம்." இன்னொரு ரம்புத்தானை உரித்து, வெள்ளையாக, சோப்பு டப்பாவின் உச்சியில் வைத்தான். "நான் கட்டனது இதான். சுத்தி எல்லாப் பக்கமும் தெரியற ஒரு வெள்ள. கடல்ல இதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? நங்கூரம் போட்டுக்கினு சும்மா நிக்கிற படகு."

நான் அந்த எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"இவரு அத்தத்தான் சொல்லிக்கினு கீறாரு, வந்த நாளா. ஒரு படகு நிக்குது, வெள்ள வெளக்கு எரியுது, அதுக்கு இந்தாண்ட வழி கீதுன்னு வந்தேன்னு. ஒருத்தரும் நம்பல. குடிச்சிட்டு ஓட்டனான்னாங்க. கேப்டன் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையப் புடிச்சிக்கினு சொல்லிட்டுப் போனாரு. எல்லா வெளக்கும் எரிஞ்சுதுன்னு சொல்லு, பெட்ரோமாக்ஸ் பேச்சே எடுக்காத, ஒனக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்னு. நீ வந்த, பட்டுனு ஒடச்சிட்ட."

"எனக்கு இன்னாடா தெரியும்?"

"தெரியாதில்ல? வாய மூடிக்கினு கெடக்க வேண்டியதுதானே. எப்பவும் அப்பிடித்தானே கெடப்ப."

அதோடு சரி. அப்புறம் அவன் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகான நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் போவேன், கட்டில் ஓரம் உட்காருவேன். தண்ணி வேணுமா என்றால் தலையை ஆட்டுவான். சீனக்கார அம்மா தினமும் ஒரு கிண்ணம் கஞ்சியை என் பக்கம் நகர்த்துவாள். நம்ம கஞ்சி போலத்தான், மேலே கருவாடு பொரித்துப் போட்டு, இஞ்சி நறுக்கிப் போட்டிருக்கும். நன்றாக இருந்தது. ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அவள் என் சேலை முனையைத் தொட்டுப் பார்ப்பாள். நான் அவள் பிளாஸ்கைக் கழுவிக் கொடுப்பேன். எதிரிக் கட்சிக்காரி வீட்டுக் கஞ்சியைக் குடிக்கிறாளே என்று ஏழுமலை நினைத்திருக்கலாம்.

ஒரு சாயங்காலம் சீனக்காரர் லெட்சுமியைக் கூப்பிட்டு மலாயில் வெகுநேரம் பேசினார். லெட்சுமி எங்களிடம் வந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்: "உன் பையன் என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கினான். அவனுக்குக் கெட்டது வரணும்னு நான் வேண்டல. ஆனா அப்பாவோட போன வயசிலேருந்து நான் கடல்ல போறவன். டக்குல ரெண்டு விளக்குதான் எரிஞ்சது, நான் பார்த்தேன். ரெண்டுன்னா கயிறு கம்மி, இழுக்கிற பார்ஜு ஒட்டினாப்பல இருட்டுல போயிடுச்சுன்னு நினைச்சேன். தூரத்தில ஒரு வெள்ளை விளக்கு, அது வேற படகுன்னு நினைச்சேன். நான் குடிக்கல. அது மட்டும் எழுதினா போதும். அப்படின்னு சொல்றாரு."

ஏழுமலை அவர் பக்கம் திரும்பாமல், "டக்குல மூணு இல்ல எரியணும்? கயிறு நீளமாத்தானே வுட்டிருந்தாரு" என்று முணுமுணுத்தான். லெட்சுமியிடமா, தனக்குத்தானா தெரியவில்லை. என்னிடம் இல்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது லெட்சுமியிடம் கேட்டேன், துறைமுகம் வழியாகப் போகலாமா என்று. அந்த ஊரில் நானாகக் கேட்டது அது ஒன்றுதான். படித்துறையில் ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தாள். பனிக்கட்டியைச் சீவி, பீன்ஸ் கொட்டை, மக்காச்சோளம், பாகு எல்லாம் போட்டது. பல் கூசியது. சூரியன் இறங்கி ஒவ்வொரு படகாக விளக்கு போட ஆரம்பித்தார்கள். நான் எண்ணினேன். தலையில் மூன்று வெள்ளை. அந்த டக்கு போய் வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குப் பின்னால், தண்ணியை ஒட்டித் தாழ்வாக, ஒரு சின்னப் பச்சை.

தெரியாதவனுக்கு அந்த இருட்டு ஒரு வழிதான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்குப் பழகின என் கண்ணுக்கு, அந்தப் பச்சை ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. "இம்மாஞ்சின்னது போதுமா?" என்றேன். லெட்சுமி, "தெரிஞ்சவங்களுக்குப் போதும் போலம்மா" என்றாள்.

காலில் எடைக்கல்லை எடுத்துவிட்டு இடுப்பு வரை மாவுக்கட்டு போட்ட பிறகு அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை லெட்சுமியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எனக்கும் விளங்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுதுகிறேன்.

டக்கில் மூன்று விளக்கு எரிந்திருக்கணும், ரெண்டுதான் எரிந்தது. கயிறை நீளமாக விட்ட பிறகும் கேப்டன் மூன்றாவதைப் போடவில்லை. இதற்கு வேறு ஒரு கப்பல்காரரும் சாட்சி சொல்லியிருக்கிறார். கேப்டனோ, பார்ஜில் இருந்தவன் தூங்கிவிட்டான், விளக்கு அணைந்ததையே சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஏழுமலை தலையணையிலிருந்து எழப் பார்த்தான். "அவரா? அவரா சார் சொன்னாரு?" தமிழிலேயே கேட்டான்.

அதிகாரி கையைக் காட்டினார். "உன் அம்மா அந்த விளக்கைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இந்தப் பெரியவர் பார்த்த வெள்ளை விளக்கு நிஜம் என்றால், அதைக் கட்டினவன் தூங்கவில்லை." பச்சை விளக்கு எரியாமல் போனால் சும்மா இருக்கக் கூடாது என்றுதான் விதியும் சொல்கிறதாம். முறையான விளக்கு வைக்க முடியாதபோது, இழுக்கப்படுகிறதை எப்படியாவது வெளிச்சம் போட்டுக் காட்டணும், அங்கே ஒன்று இருக்கிறது என்றாவது தெரியவைக்கணும். "நீ வெளிச்சம் போட்டது தப்பில்லை. உச்சியில் கட்டினதுதான் கோளாறு. கீழே பிடித்து ஜல்லி மேல் அடித்திருந்தால் பார்ஜ் என்று தெரிந்திருக்கும். என்னிடம் மறைத்தது தப்பு." எச்சரிக்கை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவன் வீட்டுக்குப் போகலாம் என்றார். கேப்டன் பாடு தனி.

சீனக்காரரிடமும் மலாயில் ஏதோ சொன்னார். அவர் தலையைக் குனிந்து வணங்கினார். அவர் படகு போனது போனதுதான்.

நாங்கள் கிளம்புகிற அன்று அந்த அம்மா என் கையில் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைத் திணித்தாள். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் என்றால் பட்டு என்பார்கள். நான் கட்டியிருந்ததோ நூல் சேலை. பையில் இருந்த இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தோளில் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். ஏழுமலை அந்தப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என்னோடு பேசவில்லை. அவனுக்கு நல்லதாகத்தானே முடிந்தது என்று நீங்கள் கேட்கலாம். லெட்சுமியிடம் அவன் சொன்னது என் காதில் விழுந்தது: "இனிமே எந்தக் கேப்டன் என்னச் சேத்துப்பாரு? அம்மாவ வெச்சு கேப்டன காட்டிக் குடுத்தவன்னு பேரு ஆயிடும்." அவன் நினைப்பு அப்படி.

மெட்ராஸில் இறங்கி ஒரு அம்பாசிடர் கார். பின்சீட்டில் அவனைக் குறுக்கே சாய்த்து, கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்தோம். நான் முன்னால். பொழுது சாய்கிற நேரம், ஓரிக்கை தாண்டி மாகறல் வருவதற்குள் கார் நின்றுபோனது. விளக்கும் எரியவில்லை. டிரைவர் இறங்கி உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கழனிப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் ஏறி வந்தது. "இன்னா டிரைவரே, மக்கர் பண்ணிக்கினு கீதா?"

"பேட்டரி அவுட்டு நைனா. ஒண்ணுமே வரல. பின்னால அடிபட்ட புள்ள கீறாரு."

"மாகறல்ல ஆளு கீறான். மாட்டு, இஸ்துக்கினு போறேன்." அவர் வண்டியில் கிடந்த கயிற்றைக் காரின் முன்னால் கட்டினார். புங்கமரத்தில் ஒரு கிளையை ஒடித்துக் காரின் முதுகில் செருகினார். நம்ம பக்கம் இழுத்துப்போகிற வண்டிக்கு அதுதான் அடையாளம். டிரைவர் என்னிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்து, "எதுனா வந்தா காட்டும்மா" என்றார்.

டிராக்டர் நகர்ந்தது, கயிறு விறைத்தது, நாங்களும் நகர்ந்தோம். எஞ்சின் சத்தமில்லாமல் கார் போவது ஒரு மாதிரியாக இருந்தது. பார்ஜில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்கும் போல. இருட்டிக்கொண்டு வந்தது. நான் டார்ச்சைப் போட்டு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். நன்றாக, உயரமாக.

"எம்மா."

பின்சீட்டிலிருந்து. நான் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம்.

"டார்ச்ச எங்கப் புடிச்சிக்கினு கீற?"

"எதுக்க வரவனுக்குத் தெரியட்டும்னுதான்."

"அப்பிடிப் புடிச்சா, ஒண்டியா ஒருத்தன் டார்ச்சு வெச்சிக்கினு நடந்து வரான்னு நெனச்சிப்பான். கீழ எறக்கு. கயித்து மேல அடி. கயிறு தெரியணும்."

இறக்கினேன். கயிறு வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தது, நடுவில் கொஞ்சம் தொய்ந்து.

கொஞ்ச தூரம் போயிருப்போம். மண்பாதையிலிருந்து சைக்கிளில் பால் கேனோடு ஒருவர் வேகமாக ஏறினார். டிராக்டர் அவரைத் தாண்டிவிட்டது. அடுத்தது ரோட்டைத் தாண்டவேண்டியதுதான் என்று மிதிக்க வந்தவர், சக்கரத்துக்கு முன்னால் கயிற்றைப் பார்த்துவிட்டுக் காலை ஊன்றி நின்றார். கேன் கிணுகிணு என்று ஆடியது. "அடப்பாவிங்களா, கயிறு கட்டிக்கினா போறீங்க!" என்று கத்தினார். நாங்கள் அவரைத் தாண்டிப் போனோம்.

டிரைவர் மூச்சு விட்டார். வெகுநேரம் கழித்து ஏழுமலை, "கை வலிச்சா அந்தக் கைக்கு மாத்திக்கோம்மா. கயித்த வுட்டு வெளிச்சத்த எடுத்துடாத" என்றான்.

மாகறல் வரைக்கும் நான் எடுக்கவில்லை.

இப்போது அவன் மறுபடியும் கடலில்தான் இருக்கிறான், வேறு டக்கு, வேறு கேப்டன். சேர்த்துக்கொண்டார்கள். அதனால் இதை அவனிடம் படித்துக் காட்ட முடியவில்லை. மலர் போடுகிறவர்கள் யாராவது கடல் வேலை தெரிந்தவரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ரெண்டு வெள்ளைக்கும் மூன்று வெள்ளைக்கும் நான் சொன்ன அர்த்தம் சரிதானா, முதுகில் மஞ்சள் மேலேயா கீழேயா, பச்சை வலப்பக்கம்தானா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். தப்பிருந்தால் என்னைக் கேட்கவேண்டாம், அடித்துத் திருத்திவிடுங்கள். நான் மறந்துபோய் ஒரு விளக்கை மாற்றி வைத்து, அதைப் பார்த்து யாரும் நடுவில் நுழைந்துவிடக் கூடாது.